அண்டாவின் அடியில் கிடந்தது

ரியாஸ்,

உன் குரல் பதிவை உன் அத்தாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். உன் கல்யாணத்துக்குத் துணி எடுத்துவிட்டுப் பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில். மடியில் உன் ஷெர்வானி. ஜன்னல் வழியே நல்ல காற்று. "அம்மா, மண்டபம், பத்திரிகை எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். நோன்புக்கே நான் ஊருக்கு வந்துடுவேன். அகப்பைய யார்ட்டயும் குடுத்துடாதீங்க. நான் வந்து வாங்கிக்கறேன்." அத்தா ஃபோனை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கேட்டார். பிறகு இன்னொரு முறை, சத்தத்தைக் கூட்டி. முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன பாய், அகப்பை காணாமப் போயிடுச்சா?" அத்தா தலையாட்டினார். "காணாமப் போவல. குடுத்தாச்சு."

ஆமாம். கொடுத்துவிட்டோம். உன் பதிவு வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். உன் சரிம்மா எனக்குத் தெரியும். அது கதவைச் சாத்தும் சத்தம். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். தெரிந்த ஒன்றை ஒருமுறையாவது வெளியாள் மாதிரி பார்க்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். நம் வீட்டை நானே அப்படிப் பார்த்ததில்லை. பார்த்த கதைதான் இது. வருத்தமான கதை என்று நினைத்துவிடாதே. இதில் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

நோன்பு மாதம். பள்ளிவாசல் கொல்லையில் கல் அடுப்பு. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய அண்டா. மதியத்திலிருந்தே கஞ்சி வேகும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொத்துக்கறி. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் வரிசை. லப்பைக்குடிக்காடு ஊரே தூக்கோடு நிற்கும். நம் தெருப் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா, யார் வேண்டுமானாலும். நீ யார் என்று ஒருவரையும் கேட்பதில்லை. கேட்கிற ஒரே கேள்வி, மூடி எங்கே. அண்டாவுக்குப் பின்னால் உன் அத்தா நிற்பார். கையில் அகப்பை. பித்தளைக் கிண்ணம், நெஞ்சு உயரத்துக்கு மரப்பிடி. அவருக்கு முன் அவருடைய அத்தா நின்றார். அவருக்கும் முன் பாட்டனார். நம் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு. தபால்காரர் உட்பட எல்லாரும் சொல்வது அகப்பை வூடு.

பாட்டனார் கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். மழை பொய்த்த ஒரு வருஷம். வரிசை தெரு முனை தாண்டிப் போயிருக்கிறது. ஊற்றுகிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. கடைசி ஆளுக்கு ஊற்றியபோது அண்டா தீர்ந்துவிட்டது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறும் தூக்கோடு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊர், இனி எப்போதும் நீங்களே ஊற்றுங்கள் என்று அவர் கையில் அகப்பையைக் கொடுத்தது. திரும்ப வாங்க மறந்துவிட்டது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானே இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன்.

நீ மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா. பெருநாளுக்கு மறுநாள். புதுச் சட்டை. மூச்சிரைக்க உச்சிக்கு ஏறி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய். "அத்தா, இது யாருது?" யாரோ ஒரு நவாபுடையது என்றார் அத்தா. "அவருக்கு அப்பறம்?" அவர் பிள்ளைக்கு. "அவருக்கு அப்பறம்?" அவர் பிள்ளைக்கு. "இப்ப அந்தப் புள்ளைங்கள்லாம் எங்க?" அத்தா சுற்றிலும் பார்த்தார். மதில் மேல் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "தெரியலயேடா. இப்போதைக்கு இவங்கதான் இருக்காங்க." நீ ஆடுகளைப் பார்த்து மிகத் தீவிரமாக ஸலாம் சொன்னாய். அந்த ஸலாமை நான் பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வாரிசு ஆட்சி என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கோட்டைகளைப் பற்றிச் சிரிப்பது சுலபம். அண்டாவைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

போன நோன்பில் தோன்றியது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அரியலூரில், என் வகுப்பில், பவித்ரா என்ற பெண் கண்டுபிடித்தாள். அன்றைக்கும் வாரிசு ஆட்சிதான் பாடம். ஆட்சி ஏன் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று கேட்டேன். "கடை மாதிரிதான் மேம். அப்பா ஆரம்பிச்சாரு, புள்ள கல்லாவுல ஒக்காருறாரு" என்றாள் ஒருத்தி. சரி, அந்தக் கடையில் நாம் யார் என்றேன். வாடிக்கையாளர் என்று வரும் என்று எதிர்பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சரக்கு மேம்" என்றான். வகுப்பு அடங்கச் சிறிது நேரமானது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுயநலத்துக்குப் போனேன். மனிதனுக்குச் சுயநலம் இருக்கும், அதைத் திட்டிப் பயனில்லை, அதை எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி என்றேன். வழி சொன்னேன். பிரிக்கிறவன் கடைசியில் எடுக்க வேண்டும். அப்போது தன் பங்கு குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையிலேயே அவன் எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பான். உதாரணம் வேண்டுமா. நம் வீட்டைச் சொன்னேன். பாட்டனார், அண்டா, வெறும் தூக்கு, மூன்று தலைமுறை. குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். கொஞ்சமா என்ன, நிறைய.

பவித்ரா கையைப் பாதி தூக்கினாள். வீடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். முன் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரிசைக்குச் சிரிப்பு மூட்டுகிற பெண். "மேம், அந்தக் கஞ்சியில கறி போடுவாங்களா?" போடுவாங்க. "கறி மெதக்குமா மேம், அடியில கெடக்குமா?"

நான் சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

"சத்துணவு சாம்பாருக்கு நாங்க எப்பவும் கடைசியாத்தான் மேம் போவோம். காயெல்லாம் அடியில கெடக்கும். மொதல்ல போறவனுக்கு மஞ்சத் தண்ணி." வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஒங்க வூட்டுல நல்லாத்தான் சாப்ட்ருக்கீங்க மேம்." எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு மெதுவாக வேறொன்றாக ஆனது. முன்னால் சிமெண்ட் லாரி. கண்ணாடியெல்லாம் வெள்ளைத் தூசி. கல்யாணமாகி வந்த முதல் நோன்பை நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் என் ஊரில் நானும் வரிசையில் நின்றவள்தான். அங்கே கஞ்சி என்றால் வெந்தயம் மிதக்கிற வெள்ளைத் தண்ணீர். சூடு, உப்பு, மணம், அவ்வளவு. இங்கே முதல் நாள் கிண்ணத்தில் கரண்டியை விட்டால் நின்றது. கறியும் பருப்புமாக. இந்த ஊரே தாராளமான ஊர் என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஃபோனில் அப்படியே சொன்னேன். அம்மா, "நல்ல எடத்துலதான் குடுத்துருக்கோம்" என்றார். என் நாக்குக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, ரியாஸ். நாக்கிலிருந்து தலைக்கு ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணைக் கடக்க நீ பிறந்து, வளர்ந்து, துபாய் போக வேண்டியிருந்தது. நடுவில் நான் அரசியல் தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டேன். நன்மை அடைகிறவர்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சியும் பெற்றேன். வாயில் கறியோடு.

அன்று நோன்பு திறக்கும்போது கிண்ணத்தை அத்தா முன்னால் நகர்த்தினேன். "என்னங்க, இதுல கரண்டிய வுட்டுப் பாருங்க."

"ஏன், உப்பு கம்மியா?"

"நாம ஏன் கடேசில எடுக்குறோம்?"

"இது என்ன கேள்வி. எல்லாருக்கும் குடுத்தப்பறம் என்ன மிஞ்சுதோ அதத்தான எடுக்கணும்."

"என்ன மிஞ்சுது?"

அவர் கரண்டியால் ஒருமுறை கிளறினார். பேரீச்சம்பழக் கொட்டை இன்னும் வாயில். "கறி," என்றார். பிறகு மெதுவாக, "கறியில்ல மிஞ்சுது."

"இன்னிக்கி மட்டுமா?"

என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி என்னை. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகத் தியாகம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதருக்குத் தன் தியாகத்தின் எடை தெரிந்த முகம். "ஏம்மா," என்றார். "எங்க அத்தாவுக்கு இது தெரிஞ்சிருக்குமோ?"

"ஒங்க அத்தா ஒடம்பப் பாத்தா தெரிஞ்சிருக்கும் போலத்தான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும். சிரித்ததில் நேரமாகி, மஃரிப் தொழுகைக்கு உன் அத்தா ஓடிப் போய்ச் சேர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மாடியில் நின்று பார்த்தேன். நம் மாடியிலிருந்து பள்ளிவாசல் கொல்லை முழுதும் தெரியும் அல்லவா. முதல் தூக்கு வந்தது. அத்தா அகப்பையை அண்டாவின் அடி வரை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே கொண்டுவந்து ஊற்றினார். அடுத்த தூக்குக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். வரிசை நகரவில்லை. "பாங்கு சொல்லிடுவாங்க பாய், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து குரல். முன்னால் வாங்கியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். "என்ன பாய், இன்னிக்கி கறியெல்லாம் மேல மெதக்குது. எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?" அத்தா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மட்டும் எப்போதும் போல ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். "அடியக் கிண்டி ஊத்துங்க மாமா." இதைத்தானே இந்தப் பிள்ளைகள் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய அப்பன்மார்களும் சின்ன வயதில் இதே கொல்லையில் இதையேதான் சொன்னார்கள். நாம் குறும்பு என்று நினைத்தோம். அது கோரிக்கை. தெளிவான, நியாயமான, ஒரே வரிக் கோரிக்கை. தினமும் மாலையில், வரிசையாக வந்து, மரியாதையாக மாமா என்று கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டது. அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறவர் காதுக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்கும் போலிருக்கிறது.

அன்றைக்கு நம் தூக்கில் வந்தது மெல்லிய கஞ்சி. என் ஊர்க் கஞ்சி. அன்று நம் வீட்டில் நீதி தண்ணியாக இருந்தது. உப்பு மட்டும் சரி. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி, இரண்டு பஸ், நாலு வகுப்பு. நாக்குக்குத் தத்துவம் புரியாது. "நாளைக்கும் இப்பிடித்தானா?" என்று கேட்டுவிட்டேன். அத்தா வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "நீதான படிச்சவ," என்றார். அந்த மாதம் முழுக்க அவர் கிண்டினார். தினமும் அவர் தோளுக்குத் தைலம் தேய்த்தது நான். "எங்க பாட்டனாருக்கு வலிக்கல, எங்க அத்தாவுக்கு வலிக்கல, எனக்கு மட்டும் வலிக்குதேம்மா" என்பார். சொல்லிவிட்டு அவரே பதிலும் சொல்வார். "அவுங்க கிண்டல." பெருநாள் வரும்போது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆனால் ரியாஸ், அந்த மாதம் போல அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிடி கைக்கு வந்த காலத்திலிருந்து அகப்பையை அவர் வைத்திருந்தார். அந்த மாதம்தான் அதை வைத்து வேலை செய்தார்.

இனி வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் ஜமாஅத் உட்கார்ந்தது, நோன்பு ஏற்பாடு பேச. நான் அங்கே இல்லை. அத்தா வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அகப்பையைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி முன்னால் பாயில் வைத்தார். "இத இனிமே எங்க வூட்டுச் சொத்தா வச்சிருக்க வேணாம்."

முத்தவல்லி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பாய்? யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?"

"அடியில கறி கெடக்குதுன்னு சொன்னாங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். ஜவுளிக்கடை ஹமீது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம். "அது எங்க எல்லாருக்கும் தெரியும் பாய். ஒங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் எங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சு ஏன் யாரும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது. ஒங்க பாட்டனாரு ஊருக்காக ஒரு நாள் வெறுந்தண்ணி குடிச்சாரு. போவட்டும், புள்ளகுட்டிங்க சாப்டட்டும்னு வுட்டுட்டோம்."

"ஒரு நாள் பட்டினிக்கு மூணு தலமொறயா கறியா," என்றார் அத்தா.

"வட்டி கொஞ்சம் ஜாஸ்திதான்."

"வட்டி ஹராமாச்சே பாய்," என்றார் முத்தவல்லி. மறுபடி சிரிப்பு.

நான் இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன். ஒரு குடும்பம் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். பாடப்புத்தகம் அப்படித்தான் எழுதும். ஊர் ஏமாறவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. பிரியத்தில் விட்டுக்கொடுத்தது. அந்தப் பிரியத்தை நாம் உரிமை என்று நினைத்துக்கொண்டோம். அதிகாரம் வாரிசுக்குப் போவதில் பயமும் பணமும்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு அன்பும் இருக்கும் என்று எங்கும் படித்ததில்லை. அன்பு இருப்பதால் அது சரியாகிவிடாது. பிள்ளைகளின் தூக்கில் தண்ணீர்தான் விழுந்தது. ஆனால் திருப்பிக் கொடுப்பதை அது சந்தோஷமாக்கிவிடுகிறது. கோபத்தில் பிடுங்கப்படும்போது கொடுக்கிறவர்களுக்கு இந்தச் சிரிப்பு வாய்க்காது.

சரி, இனி யார் ஊற்றுவது என்று முத்தவல்லி கேட்டார். நீ என்ன நினைப்பாய். ஆளாளுக்குப் போட்டி போட்டிருப்பார்கள் என்றுதானே. முன்பானால் போட்டிருப்பார்கள். "பிடிக்கிறவரு ஒவ்வொரு தூக்குக்கும் அடியக் கிண்டித்தான் ஊத்தணும், கடேசி வரைக்கும்" என்றார் அத்தா. ஹமீது பாய் முதுகைத் தடவிக்கொண்டார். ஒருவருக்கு ஞாபகமாக மூட்டு வலி வந்தது. ஒருவருக்கு அந்த நேரத்தில்தான் கடையில் கூட்டம். அகப்பை பாயிலேயே கிடந்தது. கறியையும் பெருமையையும் எடுத்துவிட்டால் அது வெறும் கனமான கரண்டி. அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ரியாஸ் வரான்ல. எளந்தாரி. அவன்ட்டயே குடுத்துடுங்களேன்." எல்லாரும் ஆமாம் என்றார்கள். அத்தா என்னிடம் இதைச் சொல்லும்போது தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "என் கை அதுவா அகப்பைக்கிட்ட போயிடுச்சும்மா," என்றார். "ஊரே குடுக்குது. நான் கேக்கல. எம் புள்ள வாங்கிக்கிட்டா என்ன?" பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். "அவன் வரட்டும். வரிசையில நிக்கட்டும். நின்ன பேருல ஒரு பேரா அவன் பேரும் இருக்கட்டும்."

அப்படித்தான் முடிவானது. வரிசையில் நிற்கிற யாரும் பெயர் கொடுக்கலாம். நாளுக்கு ஒருவர். அவர் கிண்ட வேண்டும். அவர் தூக்கும் கடைசியில்தான், ஆனால் அடியில் ஒன்றும் தங்கியிருக்காது. பெண்கள் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல இது செரிக்கட்டும்" என்றார் அத்தா. அண்டா பெரியது. கிண்ட வேண்டியது இன்னும் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். அந்தப் பிள்ளைகள் மாதிரி, தினமும், மரியாதையாக.

இனி நீ. போன வருஷம் நோன்பில் நீ பேசியது எனக்கு மறக்கவில்லை. ஒரு கூடாரத்துக்கு வெளியே, யாரோ கொடுக்கிற பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றுகொண்டு பேசினாய். பின்னால் பல பாஷைகள். "இங்க நான் ஒரு கார்டு நம்பர்மா. ஊர்ல நான் அகப்பை வூட்டுப் பையன்." அதனால் உன் பதிவைக் கேட்டதுமே தெரிந்தது. நீ கேட்டது கறியை இல்லை. உன் பேரை. இங்கே வந்து இறங்கியதும் யார் என்று யாரும் கேட்காமலே தெரிந்திருக்கிற ஒரு இடம். கல்யாணத்துக்கு முன் ஊர் முழுக்க உன் முகத்தைப் பார்த்து, உன் கையிலிருந்து வாங்கிப் போக வேண்டும். அதுவும் சுயநலம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் இருந்தது. உன் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார், "அகப்பை வூடுதானே" என்று கேட்டு உடனே சரி சொன்னபோது, நான் திருத்தவில்லை. காபியை எடுத்து நீட்டினேன். ஆனால் அந்தக் கூடாரத்தில் உனக்குப் பொட்டலம் கொடுத்தவன் யார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. பொட்டலம் எல்லாருக்கும் ஒரே எடை என்று மட்டும் தெரியும். அன்றைக்கு உனக்கு அது போதுமாக இருந்தது. இங்கே வரிசையில் நிற்கிறவர்களுக்கும் அவ்வளவுதான் வேண்டும்.

உன் வருங்கால மனைவியிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். ஷிஃபா, நாம் இனி அகப்பை வீடு இல்லை, உனக்கு வருத்தமா என்று கேட்டேன். "அப்பாடா," என்றாள். "மாமி, அந்தப் பெரிய அகப்பைய தெனம் நான்தான் கழுவணுமோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." உனக்கு நல்ல பெண் அமைந்திருக்கிறாள். பவித்ராவிடமும் ஜமாஅத் முடிவைச் சொன்னேன். நோன்பு வந்ததும் ஒரு தூக்கோடு வந்து சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கரண்டி நிற்கிறதா, இல்லையா என்று.

நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். உன் அத்தா வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் நிற்கப் போகிறார். அதற்கு ஒரு மனிதர் இவ்வளவு தயாராவதை நான் பார்த்ததில்லை. எத்தனை மணிக்குப் போக வேண்டும், தூக்கை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா. உன் சின்ன வயது நீலத் தூக்கைப் பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைத்தேன். நேற்று அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, வரிசையில முன்னாடி நிக்கிறது நல்லதா, பின்னாடி நிக்கிறதா?"

"ஊத்துறவர் கிண்டி ஊத்துனா எங்க நின்னாலும் ஒண்ணுதாங்க."

யோசித்தார். தூக்கின் மூடியைத் திறந்து மூடினார்.

"அப்ப நான் முன்னாடியே நின்னுக்கறேன். சூடா இருக்கும்."

வா, ரியாஸ். அவருக்குப் பின்னால் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன். உன் பெயர் எந்த நாளுக்கு வருகிறதோ அன்றைக்கு அகப்பை உன் கையில். அத்தா கையில் அந்த நீலத் தூக்கு உன் முன்னால் வரும்போது மட்டும், மற்ற தூக்குக்கெல்லாம் எவ்வளவு ஆழம் விட்டாயோ அவ்வளவே விடு. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா